சுவருக்கு வில்லங்கம் பார்ப்பவர் யார்?

மாட்டுச் சந்தையில் ஒருவர் உழவு மாடு வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுக் கால்களைக் கவனிப்பார். அவ்வளவு விவரம் தமக்குத் தெரியாது என்றால், தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வார். அந்தப் பெரியவர் விற்பவருடைய ஆளாகவோ தரகராகவோ இருக்கமாட்டார் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது ஒரு குடும்பம் வீடு வாங்குவதைப் பாருங்கள். வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அதில் போகிறது. அது போதாமல் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குக் கடனும் வாங்குகிறார்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை வக்கீல் ஒருவர் வரி வரியாகப் படித்துப் பார்க்கிறார். ஆனால் வீட்டைப் பார்ப்பது யார்? ஒரு மாலை நேரத்தில் எல்லோரும் போகிறார்கள். அறைகளைச் சுற்றி வருகிறார்கள். குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். "நல்ல காற்றோட்டம்" என்று சொல்லிவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். மாட்டுக்குக் காட்டிய கவனத்தில் பாதிகூட வீட்டுக்குக் கிடைப்பதில்லை.

வில்லங்கச் சான்று என்பது பதிவுப் புத்தகத்தில் உள்ள வில்லங்கத்தை மட்டுமே சொல்லும். அடித்தளத்திலும் சுவரிலும் கூரையிலும் உள்ள வில்லங்கத்தை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் யார், அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை முடிவு செய்யப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள அறிவியலே பெரும்பாலும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 55ஆவது பிரிவு, விற்பவருக்கு ஒரு கடமையை விதிக்கிறது. சொத்தில் முக்கியமான குறை ஏதேனும் இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால், அதை அவர் வெளிப்படுத்த வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் குறை, வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும்.

இதன் கருத்து என்ன? கவனித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறையைப் பற்றி விற்பவர் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பின்னால் வருந்திப் பயனில்லை. எனவே பார்க்க வேண்டிய பொறுப்பு வாங்குபவருடையதே ஆகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீடு வாங்குமுன் அதைச் சோதித்து அறிக்கை தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் 1976இல் தங்களுக்கென ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் "வீட்டுச் சோதனையாளர்" என்ற பெயரில் தனி உரிமம் கிடையாது. ஆகவே பலகை மாட்டிக்கொண்ட எவரும் தம்மை அப்படி அழைத்துக்கொள்ளலாம். தகுதியை நாமேதான் பார்த்தறிய வேண்டும். அதற்கு, அவர் எதைப் பார்க்க வேண்டும் என்பது நமக்கு ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

விளாத்திகுளத்தை எடுத்துக்கொள்வோம்

தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள விளாத்திகுளம் வட்டம் இந்தப் பாடத்துக்கு மிகவும் ஏற்ற இடம். ஏனெனில் வீட்டுக்குப் பகையான இரண்டு பொருள்கள் இங்கு அருகருகே உள்ளன. உள்நாட்டுப் பகுதியில் பருத்தியும் மிளகாயும் விளையும் கரிசல் மண். கிழக்கே வேம்பார், வைப்பார் முதலிய கடற்கரை ஊர்களில் உப்பு. முதலாவது வீட்டை அடியிலிருந்து அசைக்கும். இரண்டாவது அதன் எலும்பை அரிக்கும்.

முதலில் கரிசலைப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இம்மண் உப்பிக் களியாகிவிடும். காலில் அப்பிக்கொண்டு நடக்கவிடாது. சித்திரை வெயிலில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் ஒரு குச்சியை விட்டால் எளிதாக உள்ளே இறங்கும்.

இதற்குக் காரணம் மாண்ட்மொரில்லோனைட் என்னும் களிமண் கனிமம். பிரான்சு நாட்டில் உள்ள மாண்ட்மொரில்லான் என்ற ஊரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. இதன் அமைப்பு ஒரு நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் போன்றது. ஒவ்வொரு தாளின் கனமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தாள்களுக்கு இடையே உள்ள பிணைப்பு வலுவற்றது. எனவே நீர் மூலக்கூறுகள் இடையே புகுந்து தாள்களை விலக்கிவிடுகின்றன, மண் வீங்குகிறது. வெயிலில் நீர் வெளியேறியதும் தாள்கள் நெருங்குகின்றன, மண் சுருங்குகிறது.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் வகுத்துள்ள முறை இது.

உலர்ந்த மண்ணைப் பொடித்து, 0.425 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுங்கள். 100 மில்லிலிட்டர் அளவு உருளைகள் இரண்டில் தனித்தனியே இடுங்கள். ஒன்றில் வாலைவடிநீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் 100 மில்லிலிட்டர் குறி வரை ஊற்றுங்கள். காற்றுக் குமிழிகள் வெளியேறும்படி மெதுவாகக் கலக்கிவிட்டு 24 மணி நேரம் அசையாமல் வையுங்கள். மண்ணெண்ணெய் எளிதில் தீப்பற்றும். ஆகவே ஆசிரியர் முன்னிலையில், நெருப்பில்லாத இடத்தில் மட்டுமே செய்யுங்கள்.

மறுநாள் இரண்டிலும் மண் எத்தனை மில்லிலிட்டர் உயரத்துக்கு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகளுக்கு நீரைப் போன்ற மின்முனைத் தன்மை இல்லை. எனவே அதில் உள்ள மண் வீங்காது. நீரில் உள்ள மண்ணோ வீங்கி நிற்கும். மண்ணெண்ணெயில் 12, நீரில் 21 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 9. அதை 12ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 75 விழுக்காடு. இதுவே வீக்கக் குறியீடு ஆகும். இது 50க்குக் குறைவாக இருந்தால் மண்ணின் வீக்கம் குறைவு. 50க்கும் 100க்கும் இடையே நடுத்தரம். 100ஐத் தாண்டினால் அதிகம்.

மண் ஏறி இறங்கினால் வீட்டுக்கு என்ன?

வீட்டின் அடியில் உள்ள மண் முழுவதும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் கவலையில்லை. படகு அலையில் ஏறி இறங்குவது போல வீடும் ஏறி இறங்கும். ஆனால் அப்படி நடப்பதில்லை. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் உள்ள மண்ணுக்கு மழையும் படாது; வெயிலும் படாது. அதன் ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஓரங்களில் உள்ள மண்தான் மழைக்கு வீங்கிக் கோடையில் சுருங்குகிறது. ஆகவே நடு அசையாமல் நிற்க, ஓரங்கள் மட்டும் ஏறி இறங்குகின்றன. குளியலறைக் குழாய் ஒரு மூலையில் கசிந்தாலோ, சுவரை ஒட்டி ஒரு மரம் வளர்ந்து மண்ணின் ஈரத்தை உறிஞ்சினாலோ அந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும். செங்கல் சுவர் அழுத்தத்தைத் தாங்கும்; இழுவையைத் தாங்காது. எனவே அது விரிசல் விடுகிறது.

கனமான மாடிக் கட்டடத்தைவிடக் கனம் குறைந்த சிறு வீடுதான் கரிசலில் அதிகம் பாதிக்கப்படும் என்பது வியப்பான உண்மை. வீங்கும் மண் மேல்நோக்கித் தள்ளும்போது அதை எதிர்த்து அமுக்கும் பாரம் சிறு வீட்டுக்கு இல்லை.

இதற்குத் தீர்வு உண்டா? உண்டு. மழையும் வெயிலும் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டால் மண் அசையாது. ரூர்க்கியில் 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், நம் நாட்டுக் கரிசலுக்கு ஏற்ற தூண் அடித்தள முறை ஒன்றை வளர்த்தெடுத்தது. நிலத்தில் துளையிட்டு, அதன் அடிப்பகுதியை மட்டும் குமிழ் போல அகலமாக்கிக் கான்கிரீட் நிரப்புவார்கள். குமிழின் விட்டம் பொதுவாகத் தூணின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் இத்தூண் குறைந்தது 3.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. மேல்மண் வீங்கி வீட்டைத் தூக்க முயன்றாலும், அடியில் உள்ள குமிழ் நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே இவ்வட்டாரத்தில் வீட்டைப் பார்க்க வரும் ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? "அடித்தளம் எவ்வகை? எவ்வளவு ஆழம்? மண் சோதனை செய்த தாள் இருக்கிறதா?" என்பதே. இதைக் கேட்காமல் நேரே வண்ணப்பூச்சையும் தரைக்கல்லையும் பார்க்கத் தொடங்குபவர் உங்களுக்கு வேண்டியவர் அல்லர்.

விரிசலைப் படித்தல்

"அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா பூச்சு வெடிப்புதான்!" என்று வீட்டை விற்பவர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். எல்லா விரிசலும் ஆபத்தானதல்ல. எது எவ்வகை என்று பிரித்தறிவதில்தான் தகுதியானவரின் திறமை இருக்கிறது. அவர் பார்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

சிலந்தி வலை போலச் சுவர் முழுவதும் பரவிய மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் பூச்சு உலரும்போது ஏற்பட்டவை. இவற்றால் சுவருக்குக் கேடில்லை.

கூரைத் தளமும் சுவரும் சேரும் இடத்தில் கிடையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் வெப்பத்தால் வருவது. 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளத்தின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். அடியில் உள்ள சுவர் அவ்வளவு நீளாது. இதுவும் பெரும்பாலும் சரிசெய்யக் கூடியதே.

சன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலே கவனத்துக்குரியது. அது மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், சுவரின் ஓரங்கள் இறங்கியிருக்கலாம். கீழே அகன்று மேலே குறுகியிருந்தால், நடுப்பகுதி இறங்கியிருக்கலாம். ஒரு ரப்பர்த் துண்டின் மேல் கோடுகள் வரைந்து, அதை மேலும் கீழுமாக வளைத்துப் பாருங்கள். ஏன் என்பது விளங்கும்.

கூரையின் அடிப்புறத்தில் நேர்கோடாக ஓடி, பழுப்புக் கறை படிந்த விரிசல் இருந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள்.

இந்தியத் தர நிர்ணய நிறுவனம் கட்டட விரிசல்களைப் பற்றி 1984இல் ஒரு கையேடு வெளியிட்டது. அதன்படி 1 மில்லிமீட்டருக்குக் குறைவானது மெல்லிய விரிசல். 1 முதல் 2 வரை நடுத்தரம். 2க்கு மேல் அகன்றது. எனினும் அகலத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. விரிசல் இப்போதும் வளர்கிறதா, நின்றுவிட்டதா?

அதை அறிய எளிய வழி இருக்கிறது. ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் பாரிஸ் சாந்தினால் ஒட்டி, தேதியை எழுதிவிட வேண்டும். கண்ணாடி வளையாது, நீளாது. சுவர் சிறிது அசைந்தாலும் அது உடைந்து சாட்சி சொல்லும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கரிசல் மண் மழைக்காலத்தில் வீங்குவதால் விரிசல்கள் சில மூடிக்கொள்ளும். அதற்குப் பின் பொங்கலுக்கு வெள்ளையடித்தால் சுவடே தெரியாது. தை மாதத்தில் பளபளவென்று இருக்கும் சுவர் வைகாசியில் வேறு கதை சொல்லலாம். ஒழுகலும் ஓதமும் மழைக்காலத்தில் தெரியும். விரிசல் கோடையில் தெரியும். ஆகவே தகுதியான ஒருவர் தமது அறிக்கையில், எந்த மாதத்தில் பார்த்தார் என்பதையும், வெள்ளையடித்து எத்தனை நாளாயிற்று என்பதையும் குறிப்பிடுவார். முடிந்தால் இரு பருவங்களிலும் பார்க்கச் சொல்லுவார்.

கடற்கரையின் வில்லங்கம்

இனி கிழக்கே போவோம். கடலோர ஊர்களில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அந்த நீரில் கான்கிரீட் கலந்தாலோ, உப்புள்ள மணலைப் பயன்படுத்தினாலோ என்ன ஆகும்?

நல்ல கான்கிரீட் வலுவான காரத்தன்மை உடையது. அதன் பி.எச். மதிப்பு 12க்கு மேல். இந்தக் காரச் சூழலில் இரும்புக் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகி, துருவைத் தடுக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உட்புகுந்து காரத்தன்மையையே குறைத்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கலில் கான்கிரீட் பிளந்து, பெயர்ந்து விழும்.

கம்பி இட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. கடல் நீரில் அது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம்! உங்கள் ஆய்வகத்தில் உள்ள வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கிணற்று நீரில் சில துளிகள் இட்டுப் பாருங்கள். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு குளோரைடைக் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு இருக்கிறது என்பதை அளவறி பகுப்பாய்வுதான் சொல்லும்.

காரத்தன்மையைச் சோதிக்க உங்களுக்குத் தெரிந்த பினாப்தலீனே போதும். கான்கிரீட்டைச் சிறிது உடைத்து, புதிதாகத் திறந்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாது. நிறமற்ற பகுதி கம்பி இருக்கும் ஆழத்தை எட்டிவிட்டதா என்று பார்ப்பார்கள். ஆனால் இச்சோதனை உப்பைக் காட்டாது. கான்கிரீட் நன்றாகச் சிவந்திருந்தும், உள்ளே உப்பினால் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கக் கூடும்.

ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. கான்கிரீட்டின் மேல் அடித்து, எவ்வளவு எகிறுகிறது என்று அளக்கும் சுத்தியல் ஒன்று உண்டு. அதைக் கொண்டு சொல்லும் வலிமை, உண்மை மதிப்பிலிருந்து 25 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தர விதியே கூறுகிறது. எனவே பளபளக்கும் கருவியைக் காட்டி, "மிஷினே சொல்லிவிட்டது!" என்பவரைவிட, "இது இவ்வளவுதான் சொல்லும், இதற்கு மேல் தெரிய வேண்டுமானால் இன்ன சோதனை வேண்டும்" என்பவரே நம்பத்தக்கவர். ரசமட்டமும், தூக்குக்குண்டும், கைவிளக்கும், தட்டிப் பார்க்க ஒரு சிறு சுத்தியலும் கொண்டு நல்ல பொறியாளர் கண்டறியும் செய்தி மிகுதி.

யாரை அழைப்பது?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். குறைந்த அளவுத் தகுதி, கட்டடப் பொறியியலில் பட்டமோ பட்டயமோ பெற்றுப் பழைய கட்டடங்களை ஆராய்ந்த அனுபவம் ஆகும். அடித்தளத்தையோ கூரையையோ பற்றிய ஐயம் இருந்தால், கட்டட அமைப்புப் பொறியாளர் ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பொறியாளர், கட்டட அமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர் முதலியோர் தங்களைப் பதிவு செய்துகொள்ள வகை செய்துள்ளன. கட்டடக் கலைஞர்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடக் கலைக் குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை அன்று. நல்லவர் மகிழ்ச்சியுடன் காட்டுவார்.

அனுபவம் மிக்க உள்ளூர்க் கொத்தனார் போதாதா என்று சிலர் கேட்கலாம். அவருடைய அறிவு மதிப்பு மிக்கது. இந்த மனைக்கு அடியில் முன்பு கிணறு இருந்தது, அந்தத் தெரு முழுவதும் ஊருணியைத் தூர்த்து எழும்பியது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். வெளியூர்ப் பொறியாளருக்குத் தெரியாது. எனவே அவரையும் கேளுங்கள். ஆனால் விரிசலின் காரணத்தை அளந்து, எழுத்தில் தந்து, கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பது பொறியாளரின் வேலை. இருவரும் ஒருவருக்கொருவர் துணை. ஒருவருக்கொருவர் மாற்று அல்லர்.

கடன் தரும் வங்கியின் சார்பில் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பாரே, அது போதாதா என்றும் கேட்பதுண்டு. அவர் வங்கிக்காக வருகிறார். வீட்டை விற்றால் கடன் தொகை தேறுமா என்பதே அவர் பார்ப்பது. உங்கள் தங்கையின் படுக்கைக்கு மேலே கூரை பெயர்ந்து விழுமா என்பது அவருடைய முதன்மையான கேள்வி அன்று.

பெரியவர்கள் ஒருவரை அமர்த்துமுன் கேட்க வேண்டியவற்றைக் கீழே தருகிறோம்.

1. உங்கள் படிப்பு என்ன? பதிவு எண் என்ன?

2. கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளை ஆராய்ந்திருக்கிறீர்களா? கடற்கரையை ஒட்டிய வீடானால், துருப்பிடித்த கான்கிரீட்டை ஆராய்ந்திருக்கிறீர்களா?

3. உங்களை அனுப்பியவர் யார்? விற்பவரோ தரகரோ சிபாரிசு செய்தவரானால் வேறொருவரைப் பாருங்கள். விற்பனை முடிந்தால்தான் தமக்குப் பணம் என்ற நிலையில் உள்ளவர், விற்பனையை நிறுத்தக்கூடிய குறையைச் சொல்ல எப்படி மனம் வரும்?

4. குறை இருந்தால் பழுது பார்க்கும் வேலையை நீங்களே எடுப்பீர்களா? "ஆம்" என்றால் எச்சரிக்கை தேவை. இல்லாத குறையைப் பெரிதாக்கவும் அதனால் இடமுண்டு.

5. எவற்றைப் பார்ப்பீர்கள்? எவற்றைப் பார்க்க மாட்டீர்கள்? அடித்தளம், சுவர், கூரை, ஓதம், மின்கம்பி அமைப்பு, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்த் தொட்டி ஆகியவை பட்டியலில் இருக்க வேண்டும். அடித்தளத்தைக் காண ஒரு சோதனைக் குழி தோண்ட வேண்டுமானால், விற்பவரின் அனுமதியை முன்பே பெற வேண்டும்.

6. அறிக்கையைப் படங்களுடனும் அளவுகளுடனும் எழுத்தில் தருவீர்களா?

7. நீங்கள் பார்க்கும்போது நாங்களும் உடன் வரலாமா?

இத்தனைக்கும் நேரான விடை தருபவரை அமர்த்தலாம். "நூறு வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது, நான் உத்தரவாதம்" என்று அரைமணி நேரத்தில் சொல்பவரை நம்ப வேண்டாம். பார்க்காத அடித்தளத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர இயலாது.

அறிக்கை வந்த பின்

அறிக்கை என்பது தேர்வு முடிவு போலத் தேர்ச்சி, தோல்வி என்று இரண்டே சொல்வதன்று. ஒரு வீட்டில் குறை என்னவென்றால், கூரை நீர் சுவரை ஒட்டி விழுந்து கரிசலை நனைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் வைத்து நீரைத் தள்ளி விட்டு, வீட்டைச் சுற்றி நீர் புகாத தளம் ஒன்று போட்டால், சிறு செலவில் மண்ணின் ஈரத்தைச் சீராக்கிவிடலாம். அதைக் கண்டு பயந்து நல்ல வீட்டைக் கைவிடுவதும் இழப்பே. இன்னொரு வீட்டில் அடித்தளமே ஆழமின்றி, ஆண்டுதோறும் விரிசல் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் திருத்த ஆகும் செலவு, வீட்டின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடலாம். இவ்விரண்டு வீடுகளும் வெள்ளையடித்த பின் ஒன்றுபோலவே தோன்றும். வாங்கலாம், விலை குறைத்து வாங்கலாம், வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்ற மூன்றில் எது சரி என்பதை அறிக்கைதான் தெளிவாக்கும். இதற்குக் கொடுக்கும் கட்டணம் வீட்டின் விலைக்கு முன் மிகச் சிறியது.

புதிய வீடானால் பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அதன் அருகே நின்ற மற்றொரு 11 மாடிக் கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கண்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவை இரண்டு புத்தம் புதிய கட்டடங்கள்தாம்.

2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டட அமைப்பில் குறை தெரியவந்தால், முறையிட்ட 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டிய கடமையை வளர்ச்சியாளருக்கு விதிக்கிறது. ஆனால் ஒரு தனி மனிதரிடமிருந்து பழைய வீட்டை வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சிற்றூர்களிலும் பேரூராட்சிகளிலும் கைமாறும் வீடுகள் பல இவ்வகையே. அவர்களுக்கு வாங்குமுன் செய்யும் சோதனைதான் காப்பு.

மாணவர்களே, வீடு வாங்குவது பெரியவர்கள் காரியம் என்று நீங்கள் ஒதுங்கியிருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அப்படி ஒரு பேச்சு வந்தால், மேலே உள்ள ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். வீக்கக் குறியீடு, பினாப்தலீன், கண்ணாடித் துண்டு ஆகியவற்றின் பொருளை எடுத்துச் சொல்லுங்கள். சோதனையாளர் வரும்போது உடன் சென்று, அவர் எதைத் தொட்டுப் பார்க்கிறார், எதை அளக்கிறார், எதை எழுதுகிறார் என்று கவனியுங்கள். ஐயம் தோன்றினால் பணிவாகக் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவர் சலித்துக்கொள்ள மாட்டார்.

செய்து பார்க்க

1. உங்கள் ஊரில் மூன்று இடங்களில் மண் எடுத்து, ஆசிரியர் உதவியுடன் வீக்கக் குறியீட்டைக் கண்டுபிடியுங்கள். ஆற்று மணலுக்கும் கரிசலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பள்ளிச் சுவரில் உள்ள ஒரு விரிசலைத் தேர்ந்தெடுத்து, தலைமையாசிரியரின் அனுமதியுடன் கண்ணாடித் துண்டு ஒட்டி, சித்திரை முதல் தை வரை மாதம் ஒரு முறை பார்த்து எழுதுங்கள். விரிசல் எந்த மாதத்தில் திறக்கிறது, எந்த மாதத்தில் மூடுகிறது?

3. உங்கள் வீட்டுக் கிணற்று நீரையும் குடிநீரையும் வெள்ளி நைட்ரேட்டினால் சோதித்து ஒப்பிடுங்கள். வீடு கட்ட எது ஏற்றது? ஏன்?